பின்மூடிக்குள் பழைய வளையம்

துறைமுகத்தில் மூழ்கி, கப்பலடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டுவது அவர் பிழைப்பு. சிலிண்டரில் காற்று தீருமுன் எப்போது மேலே வரவேண்டும் என்பதைக் கைக்கடிகாரம்தான் சொல்லும். பேட்டரி மாற்றும்போதே பின்மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றாவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும். இருபது வருஷமாக அதைச் செய்பவன் கடிகாரக்கடை வைத்திருக்கும் மச்சினன்.

இன்று ஆழத்தில் முள் நின்றுவிட்டது. மூச்சுத் திணற மேலே வந்தவர், நேராகக் கடைக்குப் போய் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே உப்புத்தண்ணீர். வளையம் வெடித்த பழசு.

"போன தடவ பேட்டரி மாத்தறப்ப நான் குடுத்த புதுசு எங்கடா?"

"என் வாட்ச்சும் இதேதானே மாமா, அதுல போட்டுட்டேன். பழசு இன்னும் தாங்கும்னு நெனச்சேன்."

"குளிக்கப் போனாலே கழட்டி வைக்கிறவனுக்கு எதுக்குடா அது? கீழ கெடந்தது என் உசுரு!"

மச்சினன் தன் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினான். அவர் தொடவில்லை.

"மூடி தெறக்கிற சாவியக் குடு. இனிமே நானே மாத்திக்கறேன்."