ஹெட்ஃபோன் போட்ட தபேலாக்காரர்

தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவில் சுகர் லேண்ட் என்ற ஊரில் நடந்த ஒரு மெல்லிசைக் கச்சேரியில்தான் அவரைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, காதில் பெரிய ஹெட்ஃபோன். மேடை விளக்குகளும் வீடியோவும் கம்ப்யூட்டர் கணக்கில் தாமாகவே மாறும். தபேலா அதோடு பிசகாமல் ஓட, ஹெட்ஃபோனில் 'டிக் டிக்' என்று தாளம் விழுந்துகொண்டே இருக்கும்.

அந்தக் குழுவின் பாடகர் முந்தைய வாரம்தான் ஃப்ரீவே விபத்தில் இறந்திருந்தார். டிக்கெட் விற்றாகிவிட்டதென்று, அவர் ஸ்டூடியோவில் பாடிய வீடியோவைத் திரையில் ஓடவிட்டார்கள். சரணத்துக்கு முன்னால் தபேலாக்காரர் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பி, காலியாக நின்ற மைக்கைப் பார்த்தார். கை நின்றது. பாட்டு அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

இடைவேளையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்ன சார் ஆச்சு?"

"எங்க பாடகருக்கு ஆஸ்துமா சார். சரணத்துக்கு முன்னாடி மூச்சு வாங்குவாரு. டிக் டிக்கை விட்டுட்டு அவருக்காக ஒரு நொடி நிப்பேன். லைட்டு முன்னால போயிடும், திட்டு வாங்குவேன். இன்னிக்கும் நின்னேன். அவரு மூச்சே வாங்கல சார்."

அதற்குப் பிறகு அவர் எங்கும் நிற்கவில்லை. விளக்கும் வீடியோவும் தபேலாவும் கச்சிதமாகப் பொருந்தின. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இடப்பக்கம் திரும்பிவிடாமல் இருக்க அவர் கழுத்தை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.