வண்டியைக் கட்டிப்போட்டுத் தூங்கிய நைனா

எங்கள் குடும்பம் ஒரே ஒரு முறைதான் ஊர் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறது. அதுவும் மீன் வண்டியில். இதை என் அலுவலகத்தில் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர் தங்களை அறியாமல் மூக்கைத் தேய்த்துக்கொள்கிறார்கள். தேய்க்கட்டும். வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்கி மியூசியம் பார்த்தவள் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

வண்டி என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் சென்னையில் இறக்குவதுதான் அவர் பிழைப்பு. பின்னால் தகரக் கூண்டு, அதற்கு இரட்டைக் கதவு. மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் லோடு இருக்காது, வண்டியும் வேப்பமரத்தடியில் படுத்துவிடும். அப்படி ஒரு தடைக்காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மாமா, யாரோ வெள்ளைக்காரர்கள் வண்டிக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு, ஊர் ஊராக மியூசியம் பார்த்து, சிநேகிதர்கள் வீட்டு வாசலில் நிறுத்தித் தூங்குவதைப் போனில் பார்த்துத் தொலைத்தார். அவ்வளவுதான், பித்து பிடித்துக்கொண்டது. பலகை அடித்துப் படுக்கை போட்டார். கூண்டில் ஒரு ஜன்னல் வெட்டினார். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம், அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து ஒரு திரை. வாடை போகட்டும் என்று புளித் தண்ணீர் ஊற்றி, பினாயில் ஊற்றி, கடைசியில் சாம்பிராணியும் போட்டார்கள். வாடை போகவில்லை. செத்த மீனுக்குப் பூஜை நடந்தது போல ஒரு புது வாடை வந்து சேர்ந்தது.

இந்தக் கூத்துக்கு நைனா, அதுதான் என் அப்பா, ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அவர் உடனே சரி என்றார். "போற வழியில வேலூருக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றார். அதைக் கேட்டதும் அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அத்தை நைனாவின் தங்கை. வேலூரில் இருந்தவர் நைனாவின் சிநேகிதர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே போட்டில் கடலுக்குப் போனவர்கள். முகத்துவாரத்தில் ஒருநாள் அலை அடித்துப் படகு கவிழ்ந்தபோது, தண்ணீருக்குள் போய்விட்ட நைனாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தவர் அவர்தான். போன உயிர் திரும்பி வந்த சூட்டில், உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டே, தன் தங்கையை அவர் தம்பிக்குத்தான் கொடுப்பேன் என்று நைனா சொல்லிவிட்டார். அத்தை அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளை யார் கேட்டார்கள்? சிநேகிதர் அதோடு கடலே வேண்டாம் என்று வேலூருக்குப் போய்க் கடை வைத்து நன்றாக வந்துவிட்டார். நாங்கள் கிளம்பிய அந்த வருடம் தம்பிக்குக் கல்யாணப் பேச்சு எடுத்து, நைனாவின் வார்த்தையை ஞாபகப்படுத்தி ஆள் அனுப்பியிருந்தார்.

அத்தைக்கு இதில் துளிக்கூட இஷ்டமில்லை. அவள் எங்கள் ஊர் ஏரியில் நண்டு பிடிப்பவர்களிடம் வாங்கி, பொன்னேரி வரைக்கும் கொண்டுபோய் விற்று, தன் கைக்காசில் நடமாடிக்கொண்டிருந்தவள். வேலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவும் அந்த நாட்களில் இளைத்துப் போனார். வண்டிக்குப் பலகை அடித்த அலுப்பு என்று சின்னப் பெண்ணான நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா ஒருமுறை அத்தையைப் பற்றி நைனாவிடம் ஜாடைமாடையாகப் பேசிப் பார்த்தாள். "அது மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். குடுத்த வார்த்தைய மீறணும்னா நான் அன்னிக்கே தண்ணியோட போயிருக்கணும்" என்றார் நைனா. 

கிளம்பினோம். முதல் நிறுத்தம் மீஞ்சூரில், அம்மாவோடு படித்த ஒரு சிநேகிதி வீடு. வண்டி நின்றதுதான் தாமதம், அந்தத் தெருப் பெண்கள் பையும் பாத்திரமுமாக வந்து நின்றுவிட்டார்கள். "இன்னா மீனு இருக்குது?" என்று கேட்டார்கள். மாமா கதவைத் திறந்து படுக்கையையும் திரையையும் பெருமையாகக் காட்டினார். ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "வவ்வா மீனு இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். போன இடமெல்லாம் இதே கதைதான். பூனைகள் வேறு.

அங்கே அன்று சாயங்காலம்தான் நைனா அந்த வேலையைத் தொடங்கினார். போட்டைக் கட்டுகிற தடித்த கயிற்றை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு நுனியை வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டி, மறுநுனியைத் தெருவோரப் புங்கமரத்தில் கட்டினார்.

"இன்னா மாமா, வண்டி ரோட்ல நிக்குது. அலையா வந்து இட்டுனு போவப் போவுது?" என்றார் மாமா. அவரும் நைனாவை மாமா என்றுதான் கூப்பிடுவார், அக்கா புருஷனாயிற்றே.

"நின்னா நிக்கட்டும். கட்டாம எனக்குத் தூக்கம் வராது" என்றார் நைனா.

கட்டினாலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்து எங்கள் எல்லோரையும் பலகையிலிருந்து தள்ளப் பார்த்தார். காலையில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைப்பது அத்தையின் வேலையானது. அவிழ்த்ததும் பின்னால் ஏறிக்கொண்டு கூண்டைப் படபடவென்று தட்டுவாள். மாமா கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார்.

சென்னையில் மியூசியம் பார்த்தோம். பழைய மெட்ராஸ்காரர்கள் அதைச் செத்த காலேஜ் என்பார்கள், மாமாவும் அப்படித்தான் சொல்வார். அங்கே ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் நைனா நின்றவர் நின்றவர்தான். காவலாளி வந்து, நகருங்க, பின்னால ஆள் நிக்கறாங்க என்றார். "உசுரோட பக்கத்துல பாத்தவன்பா நானு. எலும்பப் பாக்கறதுக்குக் காசு குடுத்துனு வந்திருக்கேன், கொஞ்சம் நிக்கறேன்" என்றார் நைனா. எனக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது. காவலாளி சிரித்துவிட்டு அவரை விட்டுவிட்டார்.

வேலூர் போய்ச் சேர்ந்தபோது நிஜமாகவே எல்லாப் பக்கமும் மலை. சிநேகிதர் ஓடி வந்து நைனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சிரித்த முகமாகத்தான் வரவேற்றாள், ஆனால் ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டுத்தான் எங்களை உட்காரச் சொன்னாள். வண்டி கேட்டுக்கு வெளியிலேயே நிற்கட்டும் என்றும் சொன்னாள். கேட்டுக்குப் புதிதாகத் தூண் எழுப்பியிருந்தார்கள், சிமெண்டுப் பூச்சுகூட முடியவில்லை. அதில் ஒரு தூணோடு சேர்த்து, மறுநாள் காலை தட்டு மாற்றுவதற்காகப் பந்தல் போட்டிருந்தார்கள். நைனா பந்தலைப் பார்த்தார். பிறகு கயிற்றை எடுத்து வந்து அந்தத் தூணிலேயே வண்டியைக் கட்டினார்.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் பையனும் பெண்ணும் கொஞ்சம் பேசிப் பழகட்டும் என்று, சாயங்காலமே கோட்டைக்குள் இருக்கிற மியூசியத்துக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான். மாமா கேட்டுக்கு வெளியே வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அதைக் காலையிலேயே ஒருமுறை துடைத்திருந்தார்.

மாப்பிள்ளை கெட்டவர் என்று சொல்ல முடியாது. எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு நடுகல்லுக்குப் பக்கத்தில் நின்றபடி அத்தையிடம் மரியாதையாகத்தான் கேட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மீன், நண்டு இதெல்லாம் விட்டுடுவீங்கல்ல? யாராச்சும் கேட்டா மெட்ராஸ்னு சொல்லிக்கலாம்."

அத்தை நடுகல்லில் வாளோடு நிற்கிற வீரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாள், எனக்கு வலித்தது. வலிக்குது அத்தை என்றேன். விட்டுவிட்டாள், ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டாள்.

காலையில் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பத்து மணிக்குத் தட்டு மாற்று. அம்மா அத்தையையும் என்னையும் மாமாவோடு போய்விட்டு வரச் சொன்னாள். நைனா கேட்டுப் பக்கம், தூணுக்கு அருகில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். நானும் அத்தையும் பின்னால் ஏறினோம். அத்தை கதவைச் சாத்தாமல் நைனாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நைனாவும் அவளைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். அத்தை கூண்டைப் படபடவென்று தட்டினாள். நைனா பல் துலக்கியபடியே நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். நல்லவேளை, சாமி புண்ணியம், இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்று எத்தனையோ நாள் நினைத்து நடுங்கியிருக்கிறேன்.

மாமா வண்டியை எடுத்தார். கயிறு முறுக்கேறி நின்றது. வண்டி ஒருமுறை திணறியது, மாமா இன்னும் கொஞ்சம் அழுத்தினார். தூண் மெதுவாகச் சாய்ந்து, தலைக்குப்புற விழுந்தது. இரும்பு கேட்டும் அதன் பின்னாலேயே போனது. பந்தல் ஒரு பக்கமாக இறங்கி, அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளின் மேல் போர்வை மாதிரி படுத்துக்கொண்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சமையற்காரர் ஒருவர் மட்டும் கரண்டியோடு பந்தல் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

சிநேகிதரின் மனைவி வாசலில் வந்து நின்று பார்த்தாள். "தட்டு மாத்தற அன்னிக்கு வாசத் தூணே சாஞ்சிடுச்சு. இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்? இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் முகத்தில் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. மாப்பிள்ளை இடிந்த தூணைப் படம் எடுத்தார்.

சிநேகிதர் வந்தார். செங்கல் குவியலில் உட்கார்ந்து, தூணில் இருந்த முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுற்றி அழகாகச் சுருட்டினார். கடலை விட்டு இத்தனை வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. பிறகு அதை நைனாவிடம் நீட்டினார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா" என்றார்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அவர் திட்டு வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. "நைனா வாயில பேஸ்ட் இருந்துச்சு, எப்டி சொல்வாரு?" என்றேன்.

சிநேகிதர் என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார், வண்டியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்ற மாமாவையும் பார்த்தார். குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்து முடித்து நைனாவின் தோளில் கை போட்டு, "அன்னிக்கு நீ சொன்னதக் கடல்லயே போட்டுட்டேன்டா, போ. உன் தலமுடியப் புடிச்சு இழுத்தது உன் தங்கச்சிக்காகவா?" என்றார். நைனாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூண் போனதற்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

கொத்தனாரைக் கூப்பிட்டு, நைனாவும் சிநேகிதரும் மாமாவும் கூடவே நின்று செங்கல் எடுத்துக் கொடுத்துத் தூணை எழுப்பிவிட்டுத்தான் கிளம்பினோம். தட்டு மாற்றுக்காகச் சமைத்ததை எல்லோருமாகச் சாப்பிட்டோம். அத்தை அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள், இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினாள்.

ஊர் திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார் நைனா. எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். இனித்தான் வசவு இருக்கிறது என்று நான் அத்தையை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். நைனா டீயை ஆற்றியபடியே கேட்டார்.

"கயிற அவுக்கலியாமா நீ?"

"மறந்துட்டேண்ணா" என்றாள் அத்தை, பன்னைப் பார்த்துக்கொண்டே.

"நீ கண்ணாடில பாக்கலியாடா?"

"கண்ணாடில வெயிலு அடிச்சிது மாமா" என்றார் மாமா. அன்று காலையிலிருந்து வேலூரில் மேகமூட்டம்.

நைனா தலையை ஆட்டினார். "நானுந்தான் பாத்துனு இருந்தேன். சொல்ல மறந்துட்டேன்" என்றார். டீயை முழுவதும் குடித்துவிட்டு, "சரி, அடுத்த தடைக்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். எதை முடிக்கப்போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் டீ பாதி சட்டையில் கொட்டியது. வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். சொன்னபடியே அடுத்த வருடத் தடைக்காலத்துக்கு முன்னால் அத்தைக்கும் மாமாவுக்கும் கல்யாணம் நடந்தது. நான் கூப்பிடும் முறையில் ஒன்றும் மாறவில்லை, அவர் மாமாதான், அவள் அத்தைதான். அதனால் எனக்கு அது பெரிய செய்தியாகவும் படவில்லை.

அன்று டீக்கடையிலிருந்து வண்டி மறுபடி கிளம்பியதும் நைனா படுத்தார். படுத்த மாத்திரத்தில் குறட்டை. அந்தப் பயணத்தில் அவர் ஒழுங்காகத் தூங்கியது அப்போதுதான். எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. மூன்று பெரியவர்கள், ஒரே கயிறு, மூன்று பேருமா மறப்பார்கள்? வலையில் ஒரு கண்ணி அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கிற ஆட்கள்.

"இனிமே கயிற நான்தான் அவுப்பேன். உங்க யாரையும் நம்ப முடியாது" என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ரொம்பத்தான் திட்டிவிட்டோமோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "பரவால்ல அத்தை, அழாத" என்றேன். "மறதி எல்லாருக்கும் வர்றதுதான்."