பெரியதம்பி வெட்டிய ரப்பர்

பெரியதம்பி பாஸ் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து கொட்டகலையில் யாரும் கேட்டதில்லை. வண்டி திருத்துகிறவரை அங்கே ‘பாஸ்’ என்பார்கள்; முப்பத்தெட்டு வருடமாக ஸ்டேஷனுக்குத் திரும்பும் வளைவில் கராஜ் வைத்திருக்கிறார். லொறி, டிரக்டர், த்ரீவீல், எது வந்தாலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, காதைச் சொறிந்துகொண்டு “பாப்போம்” என்பார். அப்புறம் அது எப்படியோ ஓடும். சாமான் கிடைக்காவிட்டால் தானே செய்வார். செய்ய வராவிட்டால் வேறொன்றை வெட்டி அந்த இடத்தில் வைப்பார். ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. ஊருக்கென்ன, வண்டி ஓடினால் போதும். ஒரு மனிதனுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராமல் போவதும் ஒரு வியாதிதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், நாட்டில் ஒன்றுமே கிடைக்காமல் போன காலத்தில்தான் அவர் பெயர் ஹட்டன் வரைக்கும் போனது. வாகனத்தின் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் ஓடிப்போய் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இருக்கிற சின்ன ரப்பர் கிண்ணத்தைத் தள்ளும். கட்டைவிரல் நுனியளவு ரப்பர். அத்தனை பெரிய லொறியை நிறுத்துவது அதுதான். அந்த ரப்பர் எந்தக் கடையிலும் இல்லை. பெரியதம்பி பழைய டயரை வெட்டி, கல்லில் தேய்த்து, தானே செய்து போட்டார். கராஜ் வாசலில் வரிசை நின்றது. பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓடிய வண்டிகள், நல்ல சாமான் வந்ததும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வண்டிக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை.

அது ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறி. ஓட்டியவன் லோஜன், பெரியதம்பியின் கூட்டாளி அழகனுடைய ஒரே மகன். ரப்பர் போட்டு மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம், வட்டவளை இறக்கத்தில் முனி கோயில் வளைவைத் தாண்டாமல் லொறி நேராகப் பள்ளத்துக்குள் போனது. லோஜன் அங்கேயே முடிந்து போனான். கேபினுக்குள் சாராயப் போத்தல் உடைந்து கிடந்தது. குடித்துவிட்டு ஓட்டினான் என்று பொலிசில் எழுதி முடித்தார்கள். அவன் மனைவி கிருஷாந்தி, “அது முனிக்கு வாங்குனது, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வைப்பாரு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். கட்டினவள் அப்படித்தானே சொல்லுவாள் என்று விட்டுவிட்டார்கள்.

லொறியைத் தூக்கக் கூப்பிட்டது பெரியதம்பியைத்தான். தூக்குவதற்கு முன் அவர் தனியாக முன் சக்கரத்தைக் கழற்றினார். ரப்பர் எண்ணெயில் ஊறிப் போன அவல் மாதிரி நைந்து, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நிமிஷம் வேறு எதையும் நினைக்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மையில்லை. எல்லாவற்றையும் நினைத்தார்.

அந்தத் துண்டு ஒரு டொபி மிட்டாய்த் தகர டப்பாவுக்குள், கராஜின் மேல் தட்டில் இருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது. மனைவி சிவகாமசுந்தரிக்குத் தெரிந்ததெல்லாம் மனுஷன் தூங்கும்போது வலது காலால் கட்டிலை மிதிக்கிறார் என்பது மட்டும்தான். “யார மிதிக்கிறீங்க?” என்று கேட்டுச் சிரிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் பிளிமத் வந்து சேர்ந்தது.

பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் கஜேந்திரனின் தாத்தா அந்தக் காலத்தில் வாங்கிய அமெரிக்கக் கார். கடைக்குப் பின்னாலிருந்த கிட்டங்கியில் நாற்பது வருடமாகச் செத்துக் கிடந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியது. எஞ்சின் மூடிக்கு மேல் கோழி முட்டையிட்டது. கஜேந்திரனுக்கு மகள் பிரியந்தினியின் கல்யாணம் ஆவணியில் வைத்ததும், பெண்ணைத் தாத்தா காரில்தான் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வீடு வட்டவளை. கல்யாணம் அங்கே கோயிலில்.

“பாஸ், இது ஓடுமா?”

பெரியதம்பி காதைச் சொறிந்தார். “பாப்போம் மொதலாளி.”

சித்திரையில் தொடங்கினார். இறுகிப்போன எஞ்சினுக்குள் எண்ணெயும் டீசலும் ஊற்றி இரண்டு வாரம் ஊறவைத்தார். எலி தின்ற வயரையெல்லாம் புதிதாக இழுத்தார். பெட்ரோல் டாங்கிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தார். காரை ஓட்ட ஆள் வேண்டுமே என்று அழகனைக் கூப்பிட்டார்கள். ஸ்டியரிங்கோடு சேர்ந்த கியரைப் போடத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். நாற்பது வருடம் தோட்டத்தில் துரைமாருக்குக் கார் ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் பென்ஷன் வாங்கிய மனிதர். தினமும் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு கதவைத் துடைப்பார்.

“நான் ஓட்டுன காருல ஒரு கிளாஸ் தேத்தண்ணிய வச்சா சிந்தாது தெரியுமா? எனக்குப் போயி ஒரு குடிகாரப் பய வந்து பொறந்தான்” என்பார் அழகன்.

பெரியதம்பி காருக்கு அடியில் படுத்திருப்பார். அடியில் படுத்திருப்பதில் ஒரு வசதி உண்டு, முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் எஞ்சின் இருமியது, கருப்புப் புகையைக் கக்கியது, பிறகு ஒரே சீராக உறுமத் தொடங்கியது. பஜாரே கிட்டங்கிக்குள் வந்து நின்று கை தட்டியது. கஜேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியதம்பி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். இனி இது ஓடும். ஓடுவதை நிறுத்த வேண்டும்.

பிரேக் ரப்பருக்கு ஹட்டன் நஜீம் கடையில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். நஜீம் கணினியில் தேடி வெளிநாட்டிலிருந்து அனுப்பச் சொல்லியிருந்தார். போனில் கேட்டபோது, “வருது பாஸ். ஆனா புரட்டாசிக்கு முன்னுக்கு வராது” என்றார்.

அன்றைக்கு அத்தனை பேர் நடுவிலும் பெரியதம்பி வாயைத் திறந்தார். “மொதலாளி, பிரேக்குக்குச் சாமான் இல்ல. கல்யாணத்துக்கு வேற வண்டி...”

கஜேந்திரன் முழுசாகக் கேட்கவில்லை. “என்னா பாஸ் நீங்க! லொறிக்கெல்லாம் ரப்பர் வெட்டிப் போட்ட ஆளு. இது வெறும் காரு.”

“அதானே,” என்றார் அழகன். “இவன் கைக்கு வராததா?”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஏன் முடியாது என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். டயர் ரப்பர் மூன்று வாரத்தில் நைந்துபோகும் என்பது எப்படித் தெரியும் பாஸ்? யாருடைய வண்டியில் பார்த்தீர்கள்?

“பாப்போம்,” என்றார் பெரியதம்பி.

வெட்டினார். கை நடுங்காமல் அழகாக வெட்டினார், அதுதான் கொடுமை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. போட்ட அன்று மிதியைக் காலால் அழுத்தினால் கல் மாதிரி நின்றது. அழகன் பஜாரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “வெண்ணெய் மாதிரிப் புடிக்குது மச்சான்” என்றார். பத்தாம் நாள் மிதி ஒரு விரல் கீழே இறங்கியது. கல்யாணத்துக்கு முதல்நாள் கழற்றிப் புதிது போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதிலும் மண் விழுந்தது. மூன்று நாள் இருக்கும்போதே கஜேந்திரன் காரைத் தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார். சொந்தக்காரர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் சக்கரத்தைக் கழற்ற எந்தப் பாஸும் போக முடியாது.

கல்யாணத்தன்று விடிந்ததும் பெரியதம்பி போனார். சட்டைப் பையில் அந்தத் தகரம் இருந்தது. ஏன் எடுத்து வந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மழை தூறிக்கொண்டிருந்தது. மூட்டம் ரோட்டை மூடியிருந்தது. காருக்கு மல்லிகை மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். உள்ளே பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவர் கதவைத் திறந்து குனிந்து மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தார். இரண்டு விரல் இறங்கியது. விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மெல்ல மெல்ல இன்னும் இறங்கியது. லொறிக்கு ரப்பர் போட்ட மூன்றாம் வாரத்தில் லோஜனும் வந்து இதைத்தான் சொன்னான். ‘கொஞ்சம் எறங்குது மாமா.’ ‘ஓட்டு, ஓட்டு. பொறவு பாப்போம்’ என்றுதான் இவர் அனுப்பினார்.

அழகன் வெள்ளைச் சட்டையும் புதுச் சாரமுமாக வந்து ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தப் போனவரின் கையைப் பெரியதம்பி பிடித்துக்கொண்டார்.

“அழகா, எறங்கு.”

“என்னாடா?”

“பிரேக்கு நிக்காது. பஜாருக்குள்ள நிக்கும். வட்டவளை எறக்கத்துல சூடேறுனா நிக்காது. எறங்கு.”

“நேத்தும் பாத்தேனே. நீ போட்டதுதானே?”

“நான் போட்டதுதான். டயர் ரப்பரு எண்ணெயில நைஞ்சி போயிரும். மூணு வாரந்தான் தாங்கும்.”

அழகன் சிரித்தார். “அட போடா, பயந்தாங்கொள்ளி. லோஜன் லொறிக்கும் நீ வெட்டுனதுதானே போட்ட? அது எத்தன...”

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. வாய் மட்டும் நின்றுவிட்டது. வாசலில் மேளக்காரன் பதம் பார்த்து இரண்டு தட்டுத் தட்டினான்.

“அது எத்தன வாரம் ஓடிச்சு?” என்று கேட்டார் அழகன்.

பெரியதம்பி சட்டைப் பையிலிருந்த தகரத்தைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் சொன்ன சொற்களிலேயே கனமான சொல் அதுதான்.

“மூணு வாரம்.”

அடிப்பார் என்று நினைத்தார். அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறார். அழகன் மெதுவாக இறங்கினார். காரின் மேல் கையை ஊன்றி நின்றார். ஒரு மாலை நழுவி விழுந்தது.

“மூணு வருஷமா,” என்றார், “அந்தச் சின்னப் பேத்திகிட்ட ஒங்கப்பன் குடிகாரன்னு நானே சொல்லிக்கிட்டிருக்கேன்டா.”

அதற்குள் கஜேந்திரன் ஓடி வந்து நேரமாகிறது என்று சத்தம் போட்டார். “மொதலாளி, முடியாது,” என்றார் பெரியதம்பி. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஊர் கேட்டது அன்றைக்குத்தான். கஜேந்திரன் கண்டபடி ஏசினார். கடைசியில், விருந்துக்கு வந்திருந்த நஜீமின் வேனில் பெண்ணை ஏற்றி அனுப்பினார்கள். பிளிமத்துக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழமும் நசுங்காமல் கிடந்தன.

“வா,” என்றார் அழகன்.

இருவரும் வட்டவளை பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். ஹட்டன் தாண்டி இறக்கம் தொடங்கியது. முனி கோயில் வளைவு வந்தபோது பெரியதம்பியின் வலது கால் தன்னையறியாமல் பஸ் தரையை அழுத்தியது. அழகன் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். கால் எடுபடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

லோஜனின் மனைவி கிருஷாந்தி தோட்டத்து லய வீட்டு வாசலில் துணி காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்னா மாமா, கல்யாணத்துக்குக் காரு ஓட்டப் போவலையா? பாஸ் மாமாவும் வந்திருக்காங்க! உள்ள வாங்க, தேத்தண்ணி போடுறேன்.”

“தேத்தண்ணி வேணாம்மா,” என்றார் அழகன். “மொதல்ல இவன் சொல்றதக் கேளு.”

அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பெரியதம்பி உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து தகரத்தை எடுத்தார். மூடியில் பூப்போட்ட டொபிப் படம் இன்னும் பளபளப்பாக இருந்தது. லோஜனின் மகள் தர்ஷிகாவுக்கு ஆறு வயது. கல்யாண வீட்டிலிருந்துதான் வருகிறார்கள் என்று நினைத்து ஓடி வந்து கையை நீட்டினாள்.

“எனக்கா தாத்தா? இனிப்பா?”

“இல்லம்மா,” என்றார் பெரியதம்பி. “இது ஒங்கப்பா லொறியில இருந்தது.”