எப்போதாவது தொடுவது

புட்டுக்குழல் மூன்றாவது முறையாக இடம் மாறுகிறது. வாரத்தில் எத்தனை நாள் புட்டு என்று ரெஜிலா ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தாள். ஐந்து நாள். ஆகவே குழல் அடுப்புக்கு வலப்பக்கம் வந்துவிட்டது, தேங்காய்த் துருவியும் கூடவே வந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வருகிற கேக் தட்டு பரண் ஏறியது.

பகலில் ஒத்தாசைக்கு வரும் நாத்தனார் ஜாஸ்பினுக்கு இதெல்லாம் தலைவலி. “உப்பு இன்னைக்கு எங்க கெடக்குன்னு கேக்கதுக்கே இந்த வீட்டுல ஒரு ஆளு வேணும் மைனி” என்பாள். ரெஜிலாவிடம் எப்போதும் ஒரே பதில்தான். “தொடாத சாதனத்துக்கு இஞ்ச என்ன சோலி?”

சிதறால் மலைக்குப் போகும் சாலையோரத்து வீடு. முன்னறையில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு அவள் செய்யும் வேலையும் இதேதான். கணினிக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. மற்ற எல்லா நிரல்களையும் கட்டி மேய்ப்பது அதுதான். அதற்கு ஆயிரக்கணக்கில் மாறிகள், அதாவது மதிப்புகளைப் போட்டுவைக்கும் சின்னச் சின்ன இடங்கள். ப்ராசஸர் நினைவகத்தில் ஒன்றைக் கேட்டாலும் அக்கம்பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து, அறுபத்து நான்கு பைட்டாக அள்ளிக்கொண்டுதான் வரும். சேர்ந்து புழங்குகிற மாறிகளை ஒரே அள்ளலில் வருகிறமாதிரி அடுத்தடுத்து வைக்கவேண்டும். எப்போதாவது தொடுகிறவற்றைக் கடைசிக்குத் தள்ளவேண்டும். எது எத்தனை முறை தொடப்படுகிறது என்று எண்ணுவாள், வரிசையை மாற்றுவாள், ஓடவிட்டுப் பார்ப்பாள். ஒரே ஒரு மாறியை நாலு வரி மேலே ஏற்றுவதில் ஒரு வாரம் போயிருக்கிறது. இதற்கும் சம்பளம் தருகிறார்களா என்று ஊரில் கேட்பார்கள் என்பதால் அவள் யாரிடமும் விளக்கியதில்லை.

கணவன் பெனிஷ் தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போயின. இதயமும் சரியில்லை. நெஞ்சுவலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைக்கவேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இடது கை மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கைக்கு எட்டுகிறமாதிரி ஒரு சின்ன மேசையைப் போட்டு, அவன் எதை எத்தனை தடவை எடுக்கிறான் என்று பார்த்துப் பார்த்து அடுக்கினாள். தண்ணீர், ரிமோட், பைபிள், துண்டு. அவன் சிரமமில்லாமல் எடுப்பதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேசையில் மாத்திரை டப்பியும் இருந்தது. ஏழு மாதத்தில் அவன் அதைத் தொட்டது ஒரே ஒரு தடவை. அவன் அடிக்கடி எடுக்கிற மூக்குக்கண்ணாடியை வைக்க இடம் போதவில்லை. அவன் தூங்கும்போது டப்பியை எடுத்து பீரோவில், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை. ஜாஸ்பின் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ரெஜிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புதிய வரிசையில் கெர்னல் பதினோரு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பெங்களூருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் மீறி தம்ளர் விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போனால், மேசையிலிருந்த அத்தனையையும் இடது கையால் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தான் பெனிஷ். முகமெல்லாம் வியர்வை. டப்பியை எங்கே வைத்தோம் என்று அவளுக்கும் ஞாபகம் வரவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தாள், அடுப்பங்கரைக்கு ஓடினாள், பிறகு பீரோ, பிறகு பீரோவின் சாவி. டப்பி கைக்கு வர நாலு நிமிடம் ஆனதை, திரையில் துண்டிக்காமல் ஓடிக்கொண்டிருந்த அழைப்பு காட்டியது.

பிழைத்துக்கொண்டான். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜாஸ்பின் அவள் தோளைத் தொட்டு, “நீங்க அண்ணன பாக்கது போல வேற ஆரு பாத்துக்கிடுவா மைனி?” என்றாள்.

“நான் எண்ணுனேன் ஜாஸ்பின்” என்றாள் ரெஜிலா. “எண்ணிப் பாத்துதான் அத அங்க கொண்டு வச்சேன்.”

கெர்னலில் ஒரு மாறி தூரத்தில் கிடந்தால் நூறு நானோ நொடி வீணாகும். அவ்வளவுதான். எத்தனை தடவை என்று எண்ணத் தெரிந்த தனக்கு, எந்தத் தடவை என்று யோசிக்கத் தெரியவில்லையே என்று அவள் தன்னையே வெறுத்தாள். அவளுக்கு வேலை போகவில்லை. பாராட்டி மின்னஞ்சல்கூட வந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே பெனிஷ் டப்பியைச் சைகையால் கேட்டு வாங்கி இடது கையில் பொத்திக்கொண்டான். சாப்பிடும்போதும் விடுவதில்லை, தூங்கும்போதும் விடுவதில்லை. நன்றாக இருக்கிற ஒரே கை அது. இப்போது தண்ணீரையும் அவள்தான் புகட்டவேண்டும். ஒரு மாதமாக அந்த மேசையில் எதையும் யாரும் தொடவில்லை. வியர்த்து வியர்த்து அவன் உள்ளங்கையிலிருந்து நாற்றம் வரத் தொடங்கியிருக்கிறது.

“தாருங்க. கழுவிட்டு இப்பமே தாறேன்” என்று வெந்நீர்க் கிண்ணத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெனிஷ் அவள் முகத்தையே பார்த்தான். கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டான்.

ரெஜிலா துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய விரல்களின் வெளிப்பக்கத்தை மட்டும், ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.