புள்ளிக் குதிரைக்கு மூன்று தண்ணீர்

என் கைக்குக் கோடு தெரியும், எழுத்து தெரியும், எண் தெரியும். குதிரை தெரியாது. ரயில் பட்டறையில் பெட்டிகளுக்குச் சாயம் அடிக்கிறவன் நான். ஒரு பெட்டியைப் போலவே மறு பெட்டி இருக்க வேண்டும். ஒரு விரற்கடை பிசகினாலும் மேஸ்திரியின் வாயில் விழ வேண்டியிருக்கும். அப்படிப் பதினைந்து வருஷம் பழகிய கை, ஒரு மரக்குதிரைக்கு நிஜக் குதிரையின் புள்ளித்தோலைப் போடப் போய்ப் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பாதி இடத்தில் நானே சிரிப்பேன்.

நிஜக் குதிரை ஒரு மட்டக்குதிரை. கடல் கடந்து நாங்கள் பிழைக்க வந்த பிரிக்பீல்ட்ஸில், எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கு எதிரே நிற்கும் வாடகை வண்டிகளில் ஒன்றை அது இழுத்தது. சுமத்ராவிலிருந்து கப்பலில் வந்த ஜாதி என்பார்கள். வெள்ளை உடம்பு, அதில் பழுப்புப் புள்ளிகள். வண்டிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மனிதர்களோடு அளந்து பேசுவார், குதிரையோடு அளக்காமல் பேசுவார்.

என் மனைவிக்குத் தலைப்பிரசவம். மூன்று நாளாக மழை விடவில்லை. காலையில் வலி கண்டது. மதியத்துக்குள் மருத்துவச்சி வெளியே வந்து, "பிள்ளை குறுக்க கிடக்குது. இனிமே என் கையில இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டாள். வெளியே ஓடினேன். கிள்ளான் ஆறு கரையைத் தாண்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்களே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வாயில்லா ஜீவனை அந்தத் தண்ணீரில் இறக்க யாருக்கு மனம் வரும்? அந்த அண்ணன் ஒருவர்தான் கடிவாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏத்து தம்பி" என்றார்.

அவர் வண்டியில் ஏறவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குதிரையின் பக்கத்திலேயே நடந்தார். தண்ணீர் குதிரையின் வயிற்றைத் தொட்டது. ஓர் இடத்தில் அது இடறி, உடம்பை உதறி, நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே மனைவி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் ரத்தம் கட்டிவிட்டது. ரயில் பாதையோரத்து முனியாண்டியை நினைத்து, 'ரெண்டு உசிரும் திரும்பி வந்தா உனக்கு ஒரு குதிரை நிறுத்தறேன்' என்று வேண்டிக்கொண்டேன். அவர் குதிரையின் காதருகே வாயை வைத்து ஏதோ சொன்னார். அது நடந்தது.

சாயங்காலம் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சொல்வதற்காக வெளியே ஓடி வந்தபோது அவர் குனிந்து குதிரையின் முன்னங்காலில் சாக்குக் கிழிசலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே அது?"

"ஈரம் தம்பி. சளி பிடிச்சுக்கும்."

குதிரைக்குச் சளியா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு எனக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்புதான். "பொண்ணா? மகாலட்சுமி வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கூலி வாங்கவில்லை. பிறகு தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த வேட்டியையும் வாங்கவில்லை.

குழந்தைக்கு முப்பது நாள் கழிவதற்குள் குதிரை செத்துப்போனது. துக்கம் கேட்கப் போனேன். "வயித்து வலி. ஒரே நாள்ல போயிருச்சு" என்றார். வண்டியை விற்றுவிட்டு, ஒரு செட்டியாருடைய மாட்டு வண்டியைக் கூலிக்கு ஓட்டப் போனார்.

ஆடிப் பூஜை நெருங்கியதும் வேண்டுதல் ஞாபகத்துக்கு வந்தது. ஊர்ப்பக்கம் என்றால் மண்குதிரை செய்து வைப்பார்கள். இங்கே அதற்குக் குயவர் இல்லை. ஒரு சீனத் தச்சரிடம் சொல்லி, என் நெஞ்சு உயரத்துக்கு மரத்தில் செய்து வாங்கினேன். முனியாண்டி ஏறுவது வெள்ளைக் குதிரை. சீமைச் சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஊற்றி வெள்ளை அடித்தேன். பட்டறைச் சாயத்தில் ஒரு சொட்டைத் தொட்டாலும் வேலை போய்விடும், அதனால்தான் சுண்ணாம்பு. வேலை முடிந்தது என்று நிமிர்ந்தபோது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்த மனைவி சொன்னாள்: "நம்மளக் கரை சேர்த்தது வெள்ளைக் குதிரை இல்லீங்களே."

அதோடு வெள்ளை என் கண்ணுக்குப் பொய்யாகிவிட்டது. அண்ணன் ஒரு நாள் இதன் எதிரே நின்று, இது என் குதிரை என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. எதையும் வாங்கிக்கொள்ளாத மனிதருக்கு நன்றியை வேறு எப்படிக் கொடுப்பது? அவர் சொல்லாவிட்டால் நான் செய்தது பெரிய சைஸ் பொம்மை.

முதல் தடவை தகட்டில் துளை வெட்டி, பெட்டிக்கு எண் போடுவதுபோல் புள்ளி போட்டேன். ஒவ்வொன்றும் அச்சாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"புள்ளி நல்லா வெச்சிருக்கீங்க. கோலத்துக்கு இழை இழுக்கறதுதான் பாக்கி."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே மறுபடி வெள்ளை அடித்து அத்தனையையும் மறைத்தேன். அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

புள்ளிகள் எங்கெங்கே இருந்தன? அத்தனை நாள் பார்த்த குதிரை, கண்ணை மூடினால் நாலு புள்ளிகூட நினைவில் இல்லை. அண்ணனைப் பாசார்ச் சந்தைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் பிடித்தேன். வேண்டுதலைச் சொல்லாமல், "அண்ணே, உங்க குதிரைக்குப் பின்பக்கம் புள்ளி பெரிசா, சின்னதா?" என்று கேட்டேன். கோப்பையை ஓரமாக நகர்த்தினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

விரலைக் கோப்பியில் தோய்த்து மேஜைமேல் வைத்தார். "இது வாலு. இங்க பெருசு. உள்ளங்கை அகலம். முன்னால வர வரச் சிறுசாப் போகும்." அப்புறம் நிறுத்த முடியவில்லை அவருக்கு. எந்தப் புள்ளியும் வட்டம் இல்லை, மயிர் படிந்த பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஓரம் வெட்டினாற்போல் இருக்காது, வெள்ளை மயிர் புள்ளிமேல் வந்து விழும். கழுவிவிட்டால் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு நிழல் தெரியும். அது கீழே இருக்கிற தோலின் கறுப்பு. "இடது தோள்ல ஒண்ணு, மாவிலை மாதிரி. ஆள் ஏறும்போது அதை ரெண்டு தட்டுத் தட்டினா, ஆடாம நிக்கும்."

மேஜை முழுக்கக் கோப்பிப் புள்ளி. முன்னங்காலுக்கு வந்ததும் விரல் நின்றது. "முன்னங்கால்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, அத்தனையையும் உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் துடைத்த ஈரத்தைப் பார்த்தபடி, பட்டறைச் சீட்டின் பின்பக்கத்தில் நினைவில் இருந்ததை எல்லாம் குறித்துக்கொண்டேன்.

குதிரையை முனியாண்டி மரத்தடிக் கொட்டகைக்கு வெள்ளையாகவே கொண்டுபோய் நிறுத்தினேன். வேலை விட்டு வந்து ஒரு சாயங்காலம் முழுவதும் காவிக்கல்லையும் விளக்குக் கரியையும் குழைத்துப் புள்ளி போட்டேன். இந்த முறை தகடு இல்லை. நன்றாகவும் இல்லை. சுண்ணாம்பு வெள்ளை முகத்தில் அடித்தது, அதில் செம்புள்ளிகள் துருத்திக்கொண்டு நின்றன. காலையில் திருத்திக்கொள்ளலாம் என்று சாக்கைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் போனால் கொட்டகையில் கூட்டம். குதிரையின் கழுத்தில் வேப்பிலை, முதுகில் வேப்பிலை. என் கண் எதிரே ஒரு பெண்மணி குடம் நிறைய மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள். கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவள், எனக்கு அக்கா முறை மாதிரி. அந்த வாரம் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. அதில் ஒன்று அவளுடையது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணுறீங்க!" என்று கத்தினேன்.

"சத்தம் போடாதே. அம்மா இறங்கியிருக்கா. நேத்து வெள்ளையா நின்ன குதிரைக்கு ராத்திரியில முத்துப் போட்டிருக்கு பாரு. பிள்ளைங்க மேல வந்ததை இது வாங்கிக்கிச்சு. எம் பிள்ளைக்கு விடியக்காலம் சுரம் விட்டிருச்சு."

"அக்கா, அது நான் வரைஞ்ச புள்ளி!"

"உன் கையில வரைய வெச்சது யாரு?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அம்மை போட்டவர்களுக்கு உள்ள முறை குதிரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு ஊற்றியது சூடு தணிய, அது கணக்கில் சேராது. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என்று தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை வேப்பிலையை எடுக்கக் கூடாது, யாரும் கை வைக்கக் கூடாது. பூஜைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. சுண்ணாம்பும் காவியும் தண்ணீரில் கரைகிற சரக்கு. வார்னிஷ் பூசாமல் விட்ட என் மடத்தனத்தை நொந்துகொண்டு, தினம் பட்டறைக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமலே போனேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, அந்த அக்காவே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "இனிமே உன் வேலையைப் பாரு" என்றாள். வேப்பிலையை எடுத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளையின் முறைப்பு போய்விட்டது. மஞ்சள் ஊறி, வேலை செய்கிற குதிரையின் பழைய மயிர் நிறம் வந்திருந்தது. புள்ளிகளின் ஓரம் இளகிக் கீழ்நோக்கிக் கசிந்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு நிழல். மேஜைமேல் அவர் சொன்ன அதே நிழல். என் பதினைந்து வருஷக் கைக்கு வராதது குடத்துத் தண்ணீருக்கு வந்திருந்தது. நான் செய்ததெல்லாம், மெல்லிய தூரிகையால் வெள்ளை மயிரை ஒவ்வொன்றாகப் புள்ளிமேல் இழுத்து விட்டது, தோளில் மாவிலைப் புள்ளியைச் சீர் செய்தது, வார்னிஷ் பூசியது. அந்த அக்காவுக்கு நான் ஒரு நன்றி சொல்லவில்லை. கத்தியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. இரண்டையும் இங்கே சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

பூஜைக்கு முதல் நாள் மத்தியானம், சாமிக்குக் கண் திறக்கும் முன்னே, அண்ணனைக் கூட்டி வந்தேன். மனைவி குழந்தையோடு ஏற்கனவே அங்கே நின்றிருந்தாள். என்ன ஏது என்று சொல்லாமல் சாக்கை இழுத்தேன். இது என் குதிரை என்று அவர் சொல்வதைக் கேட்கக் காது காத்துக்கொண்டிருந்தது.

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நேரே போய் இடது முன்னங்கால் பக்கம் குந்தினார். குளம்புக்கு மேலே, நான் புள்ளி ஏதும் வைக்காத இடத்தில், உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். மஞ்சள் ஏறிய இடம்.

"ஆறிருச்சாடா உனக்கு?" என்று குதிரையிடம் கேட்டார்.

எனக்கு அந்தச் சாக்குக் கிழிசல் ஞாபகம் வந்தது. "என்னண்ணே ஆறிருச்சு?" என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "தண்ணிக்குள்ள ஏதோ இரும்பு. இடறிச்சே, அந்த இடம். எலும்பு தெரியக் கிழிச்சிருச்சு. அப்படியே உங்களை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இழுத்துச்சு. மஞ்சளும் வேப்பிலையும் வெச்சுக் கட்டிக் கட்டிப் பார்த்தேன். சீழ் பிடிச்சு ஏறிருச்சு."

"வயித்து வலின்னு சொன்னீங்களே, அண்ணே."

"வேற என்ன சொல்ல? பொண்ணு பொறந்த நேரம் குதிரையை முழுங்கிருச்சுன்னு ஊர் பேசும். பொறந்த பிள்ளை தலையில அதை வைக்கலாமா?"

மனைவி அழத் தொடங்கினாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? ஒரு சவாரிக்கு நன்றி சொல்ல நான் வாரக்கணக்கில் சாயம் குழைத்துக்கொண்டிருந்தேன். என் மகளின் பெயர் கெடாமல் இருக்க அவர் இத்தனை மாதமும் தன் துக்கத்தை வாயைத் திறக்காமல் சுமந்திருந்தார்.

அவர் எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மனைவியின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கினார். ஒரு கையில் அவளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் இடது தோளில் மாவிலைப் புள்ளியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"புள்ளை ஏறுது. ஆடாம நில்லு" என்று சொல்லிவிட்டு, என் மகளைத் தன் குதிரைமேல் உட்கார வைத்தார்.