ஆனந்தராஜும் நான் போட்ட சிவப்பு வட்டமும்

ஆனந்தராஜைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவன் இலுப்பூரில் கிடையாது. அவனைப் பார்த்து இந்த அளவு வயிறெரிந்தவன் வேறு யாரும் இல்லை.

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். நான் ஒழுங்காகத் தொழில் கற்றுக் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்தேன். அவன் செல்போன் கடை வைத்தான், மூடினான். கோழிப்பண்ணை வைத்தான், கோழியெல்லாம் செத்தது. மீமிசலுக்குப் போய் மீன் வியாபாரம் பார்த்தான், மூன்றே மாதத்தில் மீன் நாற்றத்தோடு திரும்பி வந்தான். அப்போதெல்லாம் அவன் எனக்கு உயிர் நண்பன்.

போன வருடம் ஒரு கேமரா வாங்கினான். உள்ளங்கையளவுதான் இருக்கும். முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண். குச்சியில் மாட்டி வீட்டு நடுவில் நிறுத்திவிட்டு இவன் ஒளிந்துகொள்வான். அது மேலே, கீழே, நாலு பக்கமும் எடுத்துவிடும். பிறகு கம்ப்யூட்டரில் அத்தனை படத்தையும் ஒட்டுத் தெரியாமல் ஒட்டிவிடுவான். போனில் விரலால் தள்ளினால் அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் கொடும்பாளூர்ப் பக்கத்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, அங்கிருந்தே புக் பண்ணினார். ஊரே வாயைப் பிளந்தது. என் கடைக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர்களே, "ஆனந்தராஜ் நம்பர் இருக்காண்ணே?" என்று கேட்டார்கள். கொடுத்தேன். ஒரு எண்ணை மாற்றிக் கொடுத்தேன்.

திருமயம் பக்கத்தில் மீனாக்ஷி ஆச்சி வீடு. குடும்பம் இருப்பது சென்னையில். இளைய மகள் சாலாவுக்குக் கல்யாணம். அந்தச் செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை, வெள்ளிக் குடத்திலிருந்து வாளி துடைப்பம் வரைக்கும், வீட்டு நடுவில் பரப்பி வைப்பார்கள். வர முடியாத சொந்தக்காரர்களுக்காக அதைப் படமெடுக்க வேண்டும். மூத்த மகளுக்கு எடுத்தவன் நான். இந்த முறை ஆனந்தராஜைக் கூப்பிட்டார்கள்.

அவன் எடுத்த படத்தின் லிங்க் எனக்கும் வந்து சேர்ந்தது. மதியம் கடையில் ஆளில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் ஏதாவது கோணல் கிடைக்காதா என்று அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஒரு தூண்கூட விலகவில்லை, பாவிப்பயல்! வெறுத்துப்போய்ப் பின்பக்கம் திருப்பினேன். கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. வீடு பன்னிரண்டு பங்காளிகளுக்குச் சொந்தம். ஆளுக்கு ஓர் அறை, எல்லாரும் வெளியூர். குழப்பம் வரக்கூடாதென்று, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைச்சாமி ஒவ்வொரு சாவியிலும் அட்டை கட்டி யார் அறை என்று எழுதி வைத்திருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். 'மீனாக்ஷி ஆச்சி, வெள்ளி ரூம்' என்று ஒன்று.

எது படத்தில் விழக்கூடாது என்பது என் போன்றவனுக்குத் தெரியும். அந்தக் கேமராவுக்குத் தெரியாது. அடடா, அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்!

ஆனந்தராஜுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், ஒரு நிமிட வேலை. நான் அந்தச் சாவியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். 'நம்ம எக்ஸ்பர்ட் எடுத்த லட்சணம்' என்று எழுதி, வீடு எது என்றும் சொல்லி, இருநூறு பேர் இருக்கும் போட்டோகிராபர் குரூப்பில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன.

சாயங்காலமே அவன் கூப்பிட்டான். "ஆத்மநாதா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல? அந்த எடத்த மறைச்சு, லிங்க்குக்கு பாஸ்வேர்டும் போட்டுட்டேன். இப்ப ஒன் படத்துலதான் சாவி தெரியுது, எடுத்துருடா. வெள்ளைச்சாமி அண்ணன் போன எடுக்கல. காலையில நேர்ல போயி சாவிய மாத்தி வைக்கச் சொல்றேன்."

எடுத்தேன். அதற்குள் எங்கெங்கே போயிருந்ததோ!

காலையில் அவன் போவதற்குள், வெள்ளைச்சாமி வாசல் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் பால் வாங்கப் போன நேரத்தில், வெள்ளி ரூமில் பூட்டி வைத்திருந்த வெள்ளிக் குடமும் நாலு தாம்பாளமும் போய்விட்டன. பூட்டை உடைக்கவில்லை, சாவி போட்டுத் திறந்திருந்தார்கள். எது எந்தச் சாவி என்று தெரிந்தவர் வெள்ளைச்சாமிதானே? போலீஸ் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தது. முப்பது வருடமாக அந்த வீட்டைக் காத்த மனிதர்.

நானும் ஸ்டேஷன் வாசலுக்குப் போனேன். அவர் மனைவி செவந்தி, "அவுக ஒரு கரண்டியக்கூட தொட்டதில்லீங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஆனந்தராஜ் வந்தான்.

"என் படத்துலதான் சாவி தெரிஞ்சுச்சு, தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நம்ப மாட்டேங்குறாக. அம்புட்டு சாமானுக்கு நடுவுல அந்த அட்டைய யாரு உத்துப் பாத்துருப்பாங்குறாக."

"என் பேரச் சொன்னியா?"

"சொல்லல. ஒன் படத்தக் காட்டுனாத்தான் அவர விடுவாக. ஆனா அத நீதான் காட்டணும், நான் காட்டிக்குடுக்க மாட்டேன்."

என் தோளைத் தட்டிவிட்டுச் செவந்திக்குத் தண்ணீர் வாங்கப் போனான். வாசலில் நின்றவர்கள் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர்கள் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போனேன். வெள்ளைச்சாமிக்காகப் போனேன் என்று சொல்ல ஆசைதான். பொய் எதற்கு? நல்லவன் என்ற பெயரையும் அவனே தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் போனேன்.