போலீஸ் கேட்டால் நான் யார்?

அப்போதெல்லாம் எங்கள் ஜகார்த்தாவின் பெரிய சாலையில் காலையும் மாலையும் காருக்கு மூன்று பேராவது இருக்க வேண்டும். குறைந்தால் போலீஸ் மறித்து அபராதம் போடும். ஆள் குறைவாக வரும் கார்களில் கூலிக்கு ஏறி உட்காருவதுதான் எனக்கும் பக்கத்து வீட்டுத் துரினா அக்காவுக்கும் பிழைப்பு. எங்களை ஜாக்கி என்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எங்கள் அக்காவை அவர்கள் பார்த்ததில்லை.

புருஷன் போன பிறகு, ‘ஒரு ஆள் இருக்கேன்’ என்று சாலையோரம் ஒற்றை விரலைத் தூக்கி நின்றே பிள்ளைகளை ஆளாக்கியவள் அவள். வேலை நாளில் கருவாட்டைத் தொடமாட்டாள். அடுத்தவர் காரில் நாற்றம் அடிக்கக் கூடாதாம். நான் ஏறியதும் குறட்டை விடுகிற ரகம். அவளோ ஏறியதும் கேட்பாள்: “போலீஸ் கேட்டா நான் யாரு?” அத்தை, கொழுந்தியாள், ஆபீஸ் மேனேஜர் என்று எதைச் சொன்னாலும் அதுவாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

அவள் மகள் நிங்சிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை பகஸ் தங்கமான பையன். அவன் அம்மா எந்தாங்தான் நிச்சயத்துக்கு முன்னால் வந்து நறுக்கென்று சொன்னாள்.

“எங்க சொந்தக்காரங்க கேட்டா வீட்ல சும்மா இருக்கேன்னு சொல்லுங்க. ஜாக்கிங்கிற பேச்சு வந்துச்சு, இந்தச் சம்பந்தமே வேணாம்.”

“சும்மா இருந்தவ புள்ளைக்கு எப்படிச் சோறு போட்டான்னு கேட்டா? அதுக்கும் நீங்களே ஒரு பதில் சொல்லிக் குடுங்க” என்றாள் அக்கா.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. நிங்சி அழுத அழுகையைப் பார்த்து அக்கா சரியென்று தலையாட்டினாள்; நானும் சும்மா இருந்துவிட்டேன்.

நிச்சயத்தன்று மாலை மாப்பிள்ளையின் மாமன்மார் வேன் நிறைய முதலில் வந்து இறங்கிவிட்டார்கள். மோதிரம் மட்டும் பின்னால் பகஸும் அம்மாவும் வரும் காரில் இருந்தது. பெண்ணுக்கு அப்பா ஸ்தானத்தில் நிற்க வேண்டிய அக்காவின் அண்ணன், ஊருக்கு ரயில் பிடிக்கும் அவசரத்தில் உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் பகஸ் அக்காவுக்குப் போன் செய்தான்.

“அத்தே, ரவுண்டானாகிட்ட மாட்டிக்கிட்டோம். கார்ல நாங்க ரெண்டே பேரு. இன்னைக்குன்னு பாத்து ஒரு ஜாக்கியக்கூடக் காணோம்!”

எப்படிக் காண முடியும்? மத்தியானம்தான் ஜாக்கி பிடிக்கும் சர்க்கார் லாரி வந்து எல்லோரையும் அள்ளிப் போயிருந்தது. கார் வேறு வழியில் சுற்றி வருவதற்குள் அண்ணன் கிளம்பிவிடுவார்.

அக்கா புதுக் கெபாயாச் சட்டையோடு வாடகை பைக்கில் ஏறினாள். நானும் இன்னொன்றில் தொற்றிக்கொண்டேன். ரவுண்டானாவில் இறங்கி, கார் எதிரே நிற்கும்போதே, வழக்கம்போல ஒற்றை விரலைத் தூக்கினாள். எந்தாங் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே பின்னால் எந்தாங் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

“போலீஸ் கேட்டா நான் யாரு?” என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

எந்தாங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். குனிந்து பார்த்ததும் சிரித்தார். அவருக்கு எங்களைத் தெரியாதா என்ன?

“என்னக்கா, ஒரே ஜோரா இருக்கு! இன்னைக்கு யாருக்கு அத்தை? ரெண்டு ஜாக்கியும் எறங்குங்க.”

அக்கா பகஸைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியது கார்க்காரர். அதுதான் எங்கள் தொழில் முறை. பகஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். எந்தாங் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“அவங்க என் சம்பந்தி.”

“இவங்க ஜாக்கிம்மா! எனக்குத் தெரியாதா?”

“ஜாக்கிதான். அந்த வேலை பாத்துத்தான் என் மருமகள வளத்தாங்க. நிச்சயத்துக்கு நேரமாவுது, வழிய விடுங்க சார்.”

அவர் ஒதுங்கி வழி விட்டார். அக்கா தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றாள். காரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் செருப்பை மாட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டோம். மோதிரம் போட்டு முடிந்ததும் பெரிய மாமன் கேட்டார், “சம்பந்தியம்மா என்ன வேலை பாக்குறாங்க?”

அக்கா எந்தாங்கைப் பார்த்தாள்.

“சொல்லுங்க சம்பந்தி” என்றாள் எந்தாங்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஒற்றை விரலைத் தூக்கினாள். ஜகார்த்தாவில் கார் ஓட்டுகிறவன் எவனுக்கு அது புரியாது? இந்தத் தடவை நான் கைதட்டிவிட்டேன்.